மினி டிராக்டருக்கு எந்த ஆயில்? கடைக்காரரைக் கேட்பதற்கு முன் புத்தகத்தைப் பாருங்கள்



படப்பை, மணிமங்கலம், ஒரகடம் பக்கம் நிலம் துண்டு துண்டாகிவிட்டது. ஒரு ஏக்கர், ரெண்டு ஏக்கர், நடுவில் ஒரு மனைப்பிரிவுக் கல், அதுக்கு அப்புறம் இன்னொரு அரை ஏக்கர். இந்த மாதிரி இடத்தில் 50 குதிரைத்திறன் டிராக்டரைத் திருப்பவே இடம் போதாது. அதனால் நம் குழு உழவர்களில் பலர் 15 முதல் 28 குதிரைத்திறன் வரையுள்ள மினி டிராக்டருக்கு வந்துவிட்டார்கள். சிறிய மாடல்கள் பலவற்றின் எடை ஒரு டன்னுக்கும் குறைவு. மண் அதிகம் இறுகாது என்பதால் நமக்கும் ஒத்துவருகிறது.

எஞ்சின் ஆயில் விஷயத்தில் எல்லோருக்கும் ஓரளவு தெளிவு இருக்கிறது. பின்பக்கம் ஊற்றும் ஆயிலில்தான் குழப்பம். பட்டறையில் கேட்டால் "90 ஊத்துங்க, ஒண்ணும் ஆகாது" என்பார். இன்னொருவர் "ஹைட்ராலிக் 68 போதும், அதான் மலிவு" என்பார். ஷோரூமில் "எங்க கம்பெனி ஆயில் தவிர வேற ஊத்தினா வாரண்டி கிடையாது" என்பார்கள். மூன்று பேர் சொல்வதும் எங்கோ ஒரு டிராக்டருக்குப் பொருந்தும். நம் டிராக்டருக்கு எது பொருந்தும் என்பதை நாமே கண்டுபிடிக்கும் வழியைத்தான் இந்தக் கட்டுரையில் எழுதுகிறேன்.

இயற்கை விவசாயப் பத்திரிகையில் டிராக்டர் ஆயில் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். மாடு வைத்து உழுகிறவர்களுக்கு என் வணக்கம். அவர்களுக்கு இந்தப் பாடம் வேண்டாம். டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு காரணங்களால் இது முக்கியம். தப்பான ஆயில் ஊற்றினால் முதலில் கெடக்கூடியது பிரேக். நெல் மூட்டையும் ஆளும் ஏற்றிய டிரெயிலரோடு ஏரிக்கரைச் சரிவில் இறங்கும்போது பிரேக் வழுக்கினால் அது உயிர் விஷயம். இரண்டாவது, சீக்கிரம் கெட்டுப்போன ஆயில் சீக்கிரம் வெளியே வரும். அது கடைசியில் எங்கே போகிறது என்பது நம் மண்ணையும் கிணற்றையும் பற்றிய கேள்வி.

ஒரே தொட்டி, நாலு வேலை

பெரும்பாலான மினி டிராக்டர்களில் கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், பின் அச்சு, ஹைட்ராலிக் லிஃப்ட் எல்லாவற்றுக்கும் ஒரே ஆயில்தான். இது புதிய ஏற்பாடு இல்லை. 1946-ல் இங்கிலாந்தில் வெளிவந்த ஃபெர்குசன் டிஇ20 டிராக்டரிலேயே கியருக்கும் லிஃப்டுக்கும் ஒரே ஆயில்தான். இன்று நாம் பார்க்கும் மூன்று முனை இணைப்பும் ஹைட்ராலிக் லிஃப்டும் ஹாரி ஃபெர்குசன் வழியாக வந்தவை. பிற்பாடு வந்த ஆயில் பிரேக்கும் இதே தொட்டியில் சேர்ந்துகொண்டது.

ஆக, அந்த ஒரு ஆயில் நாலு வேலை பார்க்க வேண்டும்.

ஒன்று: கியர் பற்கள் அழுத்தி உரசும் இடத்தில் படலமாக நின்று தேய்மானத்தைத் தடுக்க வேண்டும். இதற்கு ஆயில் கொஞ்சம் கெட்டியாகவும், அழுத்தம் தாங்கும் சேர்மானங்களோடும் இருக்க வேண்டும்.

இரண்டு: ஹைட்ராலிக் பம்ப் ஆயிலை ஃபில்டர் வழியாக உறிஞ்சி லிஃப்டுக்குத் தள்ளுகிறது. இதற்கு ஆயில் இளக்கமாக ஓட வேண்டும். ரொம்பக் கெட்டியாக இருந்தால் பம்புக்கு ஆயில் பத்தாமல் உள்ளே வெற்றிடம் உண்டாகும். அப்போது "ஙொய்ங்" என்று ஒரு சத்தம் வரும்.

மூன்று: ஆயில் பிரேக் தட்டுகள் இந்த ஆயிலுக்குள்ளேயே மூழ்கி இருக்கின்றன. ஆயில் ரொம்ப வழவழப்பாக இருந்தால் பிரேக் வழுக்கும். உராய்வைச் சரியான அளவில் வைக்கும் சேர்மானம் இல்லாவிட்டால் பிரேக் பிடிக்கும்போது கரகரவென்று அதிரும்.

நான்கு: சூட்டைக் கடத்த வேண்டும், துருவைத் தடுக்க வேண்டும், நுரைக்கக் கூடாது. உள்ளே வரும் சிறிதளவு ஈரத்தையும் தாங்க வேண்டும்.

கெட்டியாகவும் இருக்க வேண்டும், இளக்கமாகவும் இருக்க வேண்டும். வழுக்கவும் வேண்டும், பிடிக்கவும் வேண்டும். இப்படி முரண்பட்ட வேலைகளை ஒரே ஆயில் பார்ப்பதால்தான் இதற்கென்று தனி வகை தேவைப்படுகிறது.

கடையில் கிடைக்கும் நாலு வகை

முதல் வகை கியர் ஆயில். 90, 80டபிள்யூ90, 140 என்று எழுதியிருக்கும். கூடவே ஜிஎல்-4 அல்லது ஜிஎல்-5 என்று தரம் இருக்கும். ஜிஎல்-5 என்றால் ஜிஎல்-4-ஐ விட உசத்தி, எல்லாவற்றுக்கும் நல்லது என்று நினைக்க வேண்டாம். ஜிஎல்-5-ல் கந்தகம், பாஸ்பரஸ் சேர்மானம் அதிகம். சில கியர்பாக்ஸ்களில் உள்ள பித்தளை, வெண்கல பாகங்களை அது அரிக்கும். ஆயில் பிரேக்குக்கு இரண்டுமே உகந்தவை அல்ல. கியருக்குத் தனித் தொட்டி உள்ள மாடல்களிலும், ரோட்டவேட்டர் கியர்பாக்ஸிலும்தான் இவற்றுக்கு வேலை. அங்கும் எந்த எண் என்பதை அந்தந்தப் புத்தகமே சொல்லும்.

இரண்டாம் வகை ஹைட்ராலிக் ஆயில். 46, 68 என்ற எண்ணோடு டிரம்மில் வரும். தொழிற்சாலை பிரஸ், மண் அள்ளும் இயந்திரம் போன்றவற்றுக்கானது. பம்பை நன்றாக ஓட்டும். ஆனால் கியருக்கு வேண்டிய அழுத்தத் தாங்கலும் பிரேக்குக்கு வேண்டிய உராய்வுச் சேர்மானமும் இதில் இல்லை. நம் பக்கம் தொழிற்பேட்டைகள் அதிகம். "புது ஆயில் சார், டிரம்ல மிச்சம்" என்று யாராவது கேனில் கொண்டுவந்தால் வாங்காதீர்கள்.

மூன்றாம் வகைதான் நமக்கு வேண்டியது. டிராக்டர் டிரான்ஸ்மிஷன் ஹைட்ராலிக் ஆயில், சுருக்கமாக யுடிடிஓ. மேலே சொன்ன நாலு வேலைக்காகவே தயாரிக்கப்படுவது. டிராக்டர் கம்பெனிகள் தங்கள் பெயரில் விற்பதும், இந்தியன் ஆயில், எச்பி, பாரத் பெட்ரோலியம், காஸ்ட்ரால், கல்ஃப் போன்ற ஆயில் கம்பெனிகள் விற்பதும் உண்டு. இதை எஞ்சினில் ஊற்றக் கூடாது.

நான்காம் வகை எஸ்டிஓயு. எஞ்சின், கியர், ஹைட்ராலிக், ஆயில் பிரேக் எல்லாவற்றுக்கும் ஒரே ஆயில் என்ற நோக்கத்தில் தயாரிப்பது. புத்தகம் அனுமதித்தால் மட்டும் பயன்படுத்தலாம்.

90 பெரிய எண், அதனால் கெட்டியா?

எஞ்சின் ஆயில் 40, கியர் ஆயில் 90. அப்படியானால் 90 இரண்டு மடங்கு கெட்டி என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு அளவுகோல். ஆழாக்கும் லிட்டரும் போல. 100 டிகிரி சூட்டில் அளந்தால், எஞ்சின் ஆயில் 40, 50-ன் கெட்டித்தன்மைக்குப் பக்கத்தில்தான் கியர் ஆயில் 90 வரும். 90-க்குக் குறைந்தபட்ச அளவு 13.5 சென்டிஸ்டோக். யுடிடிஓ ஆயில்கள் பெரும்பாலும் அதே சூட்டில் 9, 10 சென்டிஸ்டோக் அளவில் இருக்கும். எனவே யுடிடிஓ கேட்கும் தொட்டியில் 90 ஊற்றினால் பம்புக்குக் கெட்டியான சாப்பாடு போடுகிறோம் என்று அர்த்தம். மார்கழி காலையில் லிஃப்ட் சோம்பிப்போய் எழுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள்

டப்பாவின் முன்பக்கம் பெயரும் படமும் இருக்கும். நமக்கு வேண்டியது பின்பக்கத்துப் பொடி எழுத்து. மாஸி ஃபெர்குசன் என்றால் எம்1135, எம்1141, எம்1143, எம்1145. ஜான் டியர் என்றால் ஜே20சி, ஜே20டி. நியூ ஹாலந்து என்றால் எம்ஏடி 3505, 3525. குபோட்டா என்றால் யுடிடி, சூப்பர் யுடிடி. இப்படி ஒவ்வொரு கம்பெனியும் தன் டிராக்டருக்கு ஒரு தர எண் வைத்திருக்கிறது. உங்கள் டிராக்டர் புத்தகத்தில் 'லூப்ரிகன்ட்' அட்டவணையில் உள்ள எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். டப்பாவில் அதே எண் இருந்தால் வாங்குங்கள்.

ஜே20சி, ஜே20டி இரண்டில் 'டி' இன்னும் இளக்கமானது, குளிர் தேசத்துக்காக வந்தது. புத்தகம் இரண்டையும் அனுமதித்தால் நம் வெயிலுக்கு 'சி'தான் பொருத்தம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். "இந்தத் தரத்துக்கு அங்கீகாரம் பெற்றது" என்று எழுதுவது ஒன்று. "இந்தத் தரத்தைப் பூர்த்தி செய்கிறது" என்பது வேறு. "இந்தத் தரம் கேட்கும் இடத்தில் பயன்படுத்தலாம்" என்பது அதைவிடக் கீழே. முதலாவதில் டிராக்டர் கம்பெனி சோதித்து ஒப்புக்கொண்டிருக்கிறது. இரண்டாவதில் ஆயில் கம்பெனி தன் பொறுப்பில் சொல்கிறது. மூன்றாவது வெறும் சிபாரிசு. வங்கியில் வேலை பார்த்த எனக்கு இந்த வித்தியாசம் சட்டென்று புரியும். சிபாரிசுக் கடிதம் வேறு, ஜாமீன் கையெழுத்து வேறு.

புத்தகம் தொலைந்திருந்தால் மாடல் எண்ணைச் சொல்லி டீலரிடம் அட்டவணைப் பக்கத்தை மட்டும் நகல் கேளுங்கள். "ஆயில் எங்ககிட்ட வாங்குங்க" என்பார். வாங்குவதும் வாங்காததும் நம் இஷ்டம்; அட்டவணையைக் கையில் வாங்கிக்கொள்வது முக்கியம். வாரண்டி காலம் முடியும்வரை பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

நாலு சக்கரமும் இழுக்கும் மாடலாக இருந்தால் முன் அச்சில் தனியாக ஆயில் உண்டு. அதை மறந்துவிடுகிறவர்கள் நிறைய. சில மாடல்களில் அதற்கு யுடிடிஓ, கியர் ஆயில் இரண்டில் எதுவும் போடலாம். பவர் ஸ்டீயரிங்குக்குத் தனித் தொட்டி இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயரை நம்பி ஏமாந்த கதை

அமெரிக்காவில் ஜான் டியர் கம்பெனி 1960-களில் 303 என்ற பெயரில் ஒரு டிராக்டர் ஆயில் விற்றது. அதில் ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெய் சேர்ந்திருந்தது. பிரேக் தட்டுக்குச் சரியான வழவழப்பைக் கொடுத்தது அந்த எண்ணெய்தான். 1970-களின் தொடக்கத்தில் திமிங்கிலங்களைக் காக்க அங்கே சட்டம் வந்ததும் அது கிடைக்காமல் போனது. கம்பெனி 303-ஐ நிறுத்திவிட்டு ஜே20 வரிசைத் தரங்களுக்கு மாறியது. ஆனால் 303 என்ற எண் மட்டும் சந்தையில் தங்கிவிட்டது. வேறு பலர் மலிவான ஆயிலை வாளியில் அடைத்து அதே எண்ணைப் போட்டு விற்றார்கள். அந்த எண்ணுக்குப் பின்னால் நடப்பில் எந்தத் தரமும் இல்லை. 2017 இறுதியில் மிசௌரி மாநில வேளாண் துறை இத்தகைய ஆயில்களைச் சோதித்துவிட்டு விற்பனையை நிறுத்தச் சொன்னது. டிராக்டர் பழுதான விவசாயிகள் நீதிமன்றத்துக்கும் போனார்கள்.

படித்த, பெரும் பண்ணை வைத்திருக்கிற அமெரிக்க விவசாயிகளே பெயரைப் பார்த்து வாங்கி நஷ்டப்பட்டிருக்கிறார்கள். நாம் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். நடப்பில் உள்ள தர எண் இல்லாத டப்பா எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

நம் ஊரில் முதல் எதிரி தண்ணீர்

இந்தப் பகுதி ஏரிப் பாசனம். சேற்றுழவில் பின் அச்சு சேற்றில் அமிழ்ந்து வேலை செய்கிறது. ஆயில் சீல் கொஞ்சம் தேய்ந்திருந்தாலும் தண்ணீர் உள்ளே போகும். சூடான டிராக்டரை உடனே தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால், உள்ளே இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கி, பிரீதர் வழியாகவும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஆறவிட்டுக் கழுவுங்கள்.

தண்ணீர் கலந்த ஆயில் டீயில் பால் ஊற்றின மாதிரி மங்கலாகத் தெரியும். சந்தேகம் இருந்தால், சமையலுக்குப் பயன்படாத பழைய தோசைக்கல்லை வெளியில் வைத்து நன்றாகச் சூடாக்கி, ஒரு சொட்டு ஆயிலை விடுங்கள். படபடவென்று பொரிந்தால் தண்ணீர் இருக்கிறது. சத்தமில்லாமல் பரவினால் பெரிய பயமில்லை. முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

யுடிடிஓ சிறிதளவு ஈரத்தைத் தனக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும்படி செய்யப்பட்டது. அதனால் தண்ணீர் அடியில் தனியாகத் தங்கும், போல்ட்டைத் தளர்த்தி வடித்துவிடலாம் என்று எதிர்பார்க்காதீர்கள். நிறம் மாறிவிட்டால் முழுதாக மாற்றத்தான் வேண்டும். சீலையும் பார்க்க வேண்டும்.

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் முடிச்சூர், வரதராஜபுரம் வரை அடையாற்று வெள்ளம் எப்படி நின்றது என்று நமக்குத் தெரியும். தண்ணீரில் நின்ற டிராக்டரை "ஸ்டார்ட் பண்ணிப் பாப்போம்" என்று முடுக்கக் கூடாது. எஞ்சின், பின்பக்கம், முன் அச்சு எல்லா ஆயிலையும் வடித்து, ஃபில்டர் மாற்றிய பிறகே முடுக்க வேண்டும்.

மாற்றும் முறை

எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை என்பது புத்தகத்துக்குப் புத்தகம் மாறும். புது டிராக்டரில் முதல் 50 மணி நேரத்திலேயே ஃபில்டர் மாற்றச் சொல்லும் மாடல்கள் உண்டு. புதுப் பற்கள் உரசி வரும் இரும்புத் தூள் அப்போதுதான் அதிகம். அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

வேலை முடிந்து ஆயில் வெதுவெதுப்பாக இருக்கும்போது, சமதளத்தில், லிஃப்ட் கைகளைக் கீழே இறக்கிவிட்டு வடியுங்கள். ட்ரெயின் போல்ட் ஒன்றுக்கு மேல் இருக்கும், எல்லாவற்றையும் கழற்றுங்கள். போல்ட்டில் காந்தம் இருந்தால் அதில் ஒட்டியிருப்பதைப் பாருங்கள். சாம்பல் நிறப் பசை மாதிரி இருந்தால் வழக்கமான தேய்மானம். செதில், துணுக்கு இருந்தால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். கம்பி வலை ஃபில்டரைக் கழுவலாம், காகித ஃபில்டரை மாற்றவே வேண்டும்.

புதிய ஆயிலைச் சுத்தமான புனல் வழியாக ஊற்றி, எஞ்சினை மெதுவாகச் சில நிமிடம் ஓட்டி, லிஃப்டை ஏற்றி இறக்கி, அணைத்துவிட்டு அளவைத் திரும்பப் பாருங்கள். ஃபில்டரிலும் குழாயிலும் நிறைந்த ஆயிலுக்கு ஈடாகக் கொஞ்சம் ஊற்ற வேண்டியிருக்கும்.

டிப்பர் டிரெயிலர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டிரெயிலர் ஜாக்கி நம் டிராக்டர் தொட்டியிலிருந்துதான் ஆயிலை எடுத்துக்கொள்கிறது. ஒரே டிரெயிலரை நாலு பேர் மாற்றி மாற்றிக் கட்டினால், நாலு பேர் ஆயிலும் கலக்கும், ஒருவர் டிராக்டரில் உள்ள தண்ணீரும் தூளும் மற்றவருக்குப் போகும். கருவிகளைப் பொதுவாக வைத்திருக்கும் குழுக்கள் எல்லா டிராக்டரிலும் ஒரே தரமுள்ள ஆயிலாக ஊற்றிக்கொள்வது நல்லது. இணைப்பு முனைகளைத் துடைத்துவிட்டு மாட்டுங்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

டிராக்டர் கடன் மனுக்களில் டீசல், டிரைவர் கூலி, தவணை எல்லாம் விவரமாக இருக்கும். "ஆயில், பராமரிப்பு" ஒரே வரியில் முடிந்துவிடும். அதனால்தான் அந்த வரியில் மிச்சம் பிடிக்கத் தோன்றுகிறது. சரியான ஆயிலுக்கும் மலிவான ஆயிலுக்கும் லிட்டருக்கு 100 ரூபாய் வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். தொட்டி 20 லிட்டர் என்றால் 2,000 ரூபாய். அதை 500 மணி நேரம் ஓட்டுகிறோம் என்றால் மணிக்கு 4 ரூபாய். அதே ஒரு மணி நேரத்தில் குடிக்கிற டீசல் 100 ரூபாயைத் தாண்டும். பம்ப் ஒன்று போனாலோ, பிரேக் தட்டு மாற்ற வீட்டுக் கூரையைப் பிரிப்பது போல டிராக்டரைப் பிரித்தாலோ, அந்த 2,000 ரூபாய் எங்கே போயிற்று என்றே தெரியாது. அதுவும் நடவு நேரத்தில் நின்றுவிட்டால் பருவம் நமக்காகக் காத்திருக்காது.

ஆமணக்கு எண்ணெய் ஊற்றலாமா?

நம் கூட்டங்களில் இந்தக் கேள்வி வரும். தாவர எண்ணெய் நல்ல மசகு எண்ணெய்தான். காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்தது. ஆனால் செக்கில் ஆட்டிய எண்ணெயை அப்படியே டிராக்டர் தொட்டியில் ஊற்றக் கூடாது. சூட்டிலும் காற்றிலும் நாளடைவில் கெட்டியாகிப் பிசினாகும், ஃபில்டரை அடைக்கும். பிரேக்குக்கு வேண்டிய சேர்மானமும் அதில் இல்லை. பதப்படுத்திய தாவர எண்ணெயிலிருந்து, மண்ணில் மக்கக்கூடிய ஹைட்ராலிக் ஆயில்களை ஐரோப்பாவில் தயாரிக்கிறார்கள். நம் டிராக்டர் கம்பெனிகள் அவற்றைத் தங்கள் அட்டவணையில் சேர்க்கும்வரை, கதவுக் கீல், கிணற்று உருளை, மண்வெட்டிக் காம்பு ஆகியவற்றோடு நம் எண்ணெய் நிற்கட்டும்.

பழைய ஆயிலை என்ன செய்வது?

வேலிக்கால் மரத்துக்குக் கரையான் வராமல் பூசுவது, கொசுவுக்குக் குட்டையில் ஊற்றுவது, களை மேல் தெளிப்பது. இந்த மூன்றையும் நம் ஊர்களில் இன்னும் பார்க்கிறேன். பூச்சிக்கொல்லி தெளிக்க மாட்டேன் என்று உறுதி எடுத்த நிலத்தின் வரப்பில், உலோகத் தூளும் துத்தநாகம், பாஸ்பரஸ் சேர்மானமும் கலந்த பெட்ரோலிய எண்ணெயை ஊற்றலாமா? ஒரு தடவை மாற்றும் எஞ்சின் ஆயில் பத்து லட்சம் காலன் நன்னீரைக் கெடுக்கும் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. படப்பை, மணிமங்கலம், ஆதனூர் ஏரிகளின் உபரி நீர் அடையாற்றுக்குப் போகிறது. நாம் வரப்பில் ஊற்றுவது நம் வரப்போடு நிற்காது.

2016-ன் அபாயகரக் கழிவு விதிகளின் பட்டியலில் பழைய ஆயிலும் உண்டு. பதிவு பெற்ற மறுசுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் அது போக வேண்டும். 2024 ஏப்ரல் 1 முதல், விற்ற ஆயிலில் ஒரு பங்கைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பு ஆயில் தயாரிப்பாளர்களுக்கும் வந்திருக்கிறது. ஆகவே கடையில் "பழசை எடுத்துக்குவீங்களா?" என்று கேட்பது நம் உரிமை. மூடியுள்ள கேனில், டீசல், பெயின்ட், தண்ணீர் எதுவும் கலக்காமல் சேர்த்து வையுங்கள். கலந்துவிட்டால் மறுசுத்திகரிப்பது கடினம். வேலிக்கால்களுக்கு அடியைத் தீயில் கருக்கி நடுவது, முந்திரிக் கொட்டை ஓட்டு எண்ணெய் பூசுவது என்று பழைய வழிகள் இருக்கின்றன. அந்த எண்ணெய் தோலைப் புண்ணாக்கும், கையுறை அவசியம்.

இந்த மாதக் குழுக் கூட்டத்தில் மூன்று வேலை செய்யலாம். ஒன்று, உறுப்பினர்களின் டிராக்டர் மாடல்களையும், புத்தகத்தில் உள்ள தர எண், தொட்டி அளவு, மாற்ற வேண்டிய மணி நேரத்தையும் ஒரே தாளில் எழுதிப் பட்டறையில் ஒட்டுங்கள். இரண்டு, ஒரே தர எண் கேட்கும் டிராக்டர்களுக்குச் சேர்ந்து பெரிய வாளியாக வாங்குங்கள். பில்லும் கிடைக்கும், விலையும் இறங்கும். மூன்று, பழைய ஆயிலுக்கு ஒரு பொது டிரம் வைத்து, நிறைந்ததும் பதிவு பெற்றவருக்கு மட்டும் கொடுங்கள். அதை யாருக்கு, எத்தனை லிட்டர், என்று கொடுத்தோம் என்பதைக் குழுவின் பதிவேட்டில் எழுதி வையுங்கள்.